ஸ்டார்ட் ஆகி உடனே நின்றுபோகும் கார்: காரணத்தைக் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாக அடிக்கிறது. இன்ஜினும் பிடித்துக்கொள்கிறது. கியரில் கை வைப்பதற்குள் நின்றுவிடுகிறது. மறுபடி அடித்தால் மறுபடி பிடிக்கிறது, மறுபடி நிற்கிறது. இந்தப் புகாரோடு பட்டறைக்குப் போனால் பல இடங்களில் முதலில் பிளக் மாற்றுவார்கள். அதில் சரியாகவில்லை என்றால் பெட்ரோல் ஃபில்டர், அதற்கும் அடங்கவில்லை என்றால் பம்ப் மோட்டார். மூன்று பில் கட்டிய பிறகும் வண்டி அதே இடத்தில் அதேபோல் நிற்கும்.

உண்மையில், ஸ்டார்ட்டே ஆகாத வண்டியைவிட ஸ்டார்ட் ஆகி நிற்கும் வண்டியில் கோளாறைப் பிடிப்பது எளிது. ஒருமுறை பிடித்து ஓடிவிட்டாலே பல பாகங்கள் சந்தேகத்திலிருந்து விடுபட்டுவிடுகின்றன: செல்ஃப் மோட்டார் வேலை செய்கிறது, கம்ப்ரஷன் இருக்கிறது, பிளக்கில் தீப்பொறி வருகிறது, சிறிதளவாவது பெட்ரோல் வருகிறது. தொடர்ந்து ஓடத் தேவையான ஏதோ ஒன்றுதான் பாதியில் அறுந்துபோகிறது. அது எது என்பதை, இன்ஜின் எத்தனை நொடியில் நிற்கிறது, எந்த நிலையில் நிற்கிறது, என்ன செய்தால் நிற்காமல் தாக்குப்பிடிக்கிறது என்ற மூன்று விவரங்களும் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே ஒரு பாகத்தைக்கூட வாங்கும் முன் இந்த மூன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

கீழே சொல்வது பெரும்பாலும் எம்பிஎஃப்ஐ, அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் பெட்ரோல் தெளிக்கும், பெட்ரோல் கார்களுக்கு. கடந்த இருபது ஆண்டுகளில் நம் ஊரில் விற்ற பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். டீசல், சி.என்.ஜி., பழைய கார்புரேட்டர் வண்டிகளுக்குக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

கை வைப்பதற்கு முன்

திறந்த வெளியில், சமதளத்தில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு நியூட்ரலில் வையுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கிங்கில். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டுச் சோதிக்கவே கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, மயங்கும்வரை தெரியாது. ரேடியேட்டர் ஃபேன் தானாகவே சுழலத் தொடங்கும் என்பதால் துப்பட்டா, துண்டு, தொளதொளத்த சட்டைக்கை எதுவும் அருகில் போகக் கூடாது. பெட்ரோல் வாடை தூக்கலாக வந்தால், கசிவு எங்கே என்று தெரியும்வரை செல்ஃப் அடிக்காதீர்கள்.

தேங்கிய மழைநீரில் ஓட்டி நின்றுபோன வண்டிக்கு இந்த வழிகாட்டி பொருந்தாது. ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால், இன்னொருமுறை செல்ஃப் அடிப்பதே கனெக்டிங் ராடை வளைத்துவிடும். அங்கே செய்ய வேண்டியது ஒன்றுதான்: சாவியை எடுத்துவிட்டு டோ வண்டியைக் கூப்பிடுவது.

பேட்டரி நெகட்டிவ் வயரை ஓடும் இன்ஜினில் கழற்றி, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைச் சோதிக்கும் பழக்கம் இன்னும் சில பட்டறைகளில் இருக்கிறது. அம்பாசடர் காலத்தில் அது ஓடியது. இன்றைய காரில் அப்படிச் செய்தால் எழும் மின்னழுத்தம், இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான இ.சி.யூ.வையே எரித்துவிடலாம். யாராவது ஸ்பானரை எடுத்துக்கொண்டு அதற்காக வந்தால் தடுத்துவிடுங்கள்.

முதல் படி: வேடிக்கை பாருங்கள்

இரவு முழுக்க நின்று குளிர்ந்த வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏ.சி., லைட், பாட்டு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். போனில் வீடியோவை ஓடவிட்டு டேஷ்போர்டு முழுவதும் தெரியும்படி வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஆக்சிலேட்டரைத் தொட வேண்டாம். நின்றதும் சாவியை அப்படியே ஆன் நிலையில் விட்டு, எந்தெந்த விளக்கு எரிகிறது என்றும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது முறை, இன்ஜின் பிடித்த உடனே ஆக்சிலேட்டரை லேசாக அழுத்தி முள்ளை 1500 ஆர்பிஎம் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்த ஒரு சோதனை பாதிக் கேள்விகளைத் தீர்த்துவிடும். ரேஸ் கொடுக்கும்வரை ஓடி, காலை எடுத்ததும் நின்றால் ஐடிலிங்குக்கான, அதாவது ரேஸ் கொடுக்காமல் ஓடுவதற்கான, காற்றில்தான் கோளாறு. ரேஸ் கொடுத்தாலும் அதே இரண்டாவது நொடியில் நின்றால் மின் இணைப்பு விடுகிறது, அல்லது இம்மொபிலைசர் (திருட்டைத் தடுக்கும் மின்னணுப் பூட்டு) இன்ஜினை நிறுத்துகிறது. ரேஸ் கொடுக்கக் கொடுக்கத் திணறி நின்றால் பெட்ரோல் போதவில்லை.

நிற்கும் விதத்தையும் கவனியுங்கள். விளக்கு ஸ்விட்சை அணைத்ததுபோல் சட்டென்று நின்றால் மின் கோளாறு. இருமி, உதறி, மெல்லச் சரிந்து நின்றால் காற்றோ பெட்ரோலோ காரணம்.

ஒன்றிரண்டு நொடியில் சட்டென்று நின்றால்

முதல் சந்தேகம் இம்மொபிலைசர் மேல். சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் இருக்கும் சிறிய சிப்பை வண்டி அடையாளம் கண்டுகொள்ளாவிட்டால், சில மாடல்களில் இன்ஜின் ஸ்டார்ட்டே ஆகாது. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா போன்ற வேறு சில வண்டிகளில் ஸ்டார்ட் ஆகி ஒன்றிரண்டு நொடியில் அணைந்துவிடும். டேஷ்போர்டில் சாவி அல்லது பூட்டுப் படம் போட்ட விளக்கு, சாவி ஆனில் இருக்கும்போது மின்னிக்கொண்டே இருந்தால் விஷயம் அங்கேதான். வீட்டிலிருக்கும் இரண்டாவது சாவியைப் போட்டுப் பாருங்கள். கொத்தில் வேறு வண்டிச் சாவி, உலோகச் சாமி டாலர் ஏதாவது தொங்கினால் கழற்றிவிட்டுத் தனிச் சாவியால் முயலுங்கள். இரண்டாவது சாவியில் ஓடினால் பழையதன் சிப் போய்விட்டது. இரண்டிலுமே இல்லை என்றால் இக்னிஷன் பூட்டைச் சுற்றியிருக்கும் ஆன்டெனா வளையத்தையும் அதன் கனெக்டரையும் எலக்ட்ரீஷியன் பார்க்க வேண்டும்.

இம்மொபிலைசர் விளக்கு ஒழுங்காக அணைந்துவிட்டால் அடுத்தது இக்னிஷன் ஸ்விட்ச். பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய வண்டிகளில் சகஜம். சாவியை ஸ்டார்ட் நிலையில் பிடித்திருக்கும்வரை இன்ஜின் ஓடும். விட்டதும் சாவி ஆன் நிலைக்குத் திரும்புகிறதல்லவா, அந்த நொடியில் நிற்கும். ஆன் நிலையின் உள் காண்டாக்ட் தேய்ந்து இணைப்பு விடுவதுதான் காரணம். நின்ற பிறகு சாவியை லேசாக முன்னும் பின்னும் ஆட்டுங்கள். டேஷ்போர்டு விளக்குகள் அணைந்து எரிந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டது. பூட்டையே மாற்ற வேண்டியதில்லை. பெரும்பாலான வண்டிகளில் பின்பக்கம் உள்ள ஸ்விட்ச் பாகம் தனியாகக் கிடைக்கும்.

மூன்றாவது, பெட்ரோல் பம்ப் சர்க்யூட். இதை விரிவாகப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் பம்ப் மோட்டார்தான் காரணமில்லாமல் அதிகம் மாற்றப்படும் பாகம். சாவியை ஆன் செய்ததும் பெரும்பாலான கார்களில் இ.சி.யூ. பம்பை இரண்டு மூன்று நொடி மட்டும் ஓட்டி பைப்பில் அழுத்தம் ஏற்றும், பிறகு நிறுத்திவிடும். இன்ஜின் சுழல்கிறது என்று கிராங்க் சென்சார் சொன்னால்தான் மறுபடி ஓட்டும். இந்த இரண்டாவது ஓட்டம் நடக்காவிட்டால், முதலில் ஏறிய அழுத்தத்தை வைத்து இன்ஜின் பிடித்து, அது தீர்ந்ததும் நின்றுவிடும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு பம்ப் செத்ததாகவே தோன்றும்.

சோதிக்க இன்னொருவர் உதவி வேண்டும். ஒருவர் பின்சீட்டில் டேங்க் பக்கம் காதை வைக்கட்டும், மற்றவர் சாவியை ஆன் செய்யட்டும். ‘உய்ங்’ என்று இரண்டு மூன்று நொடி சத்தம் வந்து நிற்க வேண்டும். பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். இன்ஜின் நிற்பதற்கு முன்பே பம்ப் சத்தம் நின்றுவிடுகிறதா, இன்ஜின் நிற்கும்வரை பம்ப் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். முன்னதாகவே நின்றால் பம்புக்கு மின்சாரம் போகவில்லை. ஃப்யூஸ் பெட்டி மூடியின் உள்பக்க வரைபடத்தைப் பார்த்து பம்ப் ரிலேயை (பம்புக்கு மின்சாரம் விடும் சிறிய ஸ்விட்ச்) கண்டுபிடித்து, அதே எண் அச்சிட்ட ஹாரன் ரிலேயோடு இடம் மாற்றிப் போடுங்கள். வண்டி ஓடினால் செலவு ஒரு ரிலேயோடு முடிந்தது. ரிலே நன்றாக இருந்தும் மின்சாரம் போகவில்லை என்றால் டேங்க் மேலுள்ள கனெக்டரைப் பாருங்கள். பின்சீட்டைத் தூக்கினால் பல வண்டிகளில் தெரியும். பிளாஸ்டிக் உருகி, உள்ளிருக்கும் உலோக முனை கறுத்துப்போயிருப்பது அடிக்கடி காணக் கிடைக்கும் காட்சி.

சத்தம் தொடர்ந்து வந்தும் இன்ஜின் நிற்கிறதென்றால் பிரஷர் கேஜ் போட்டே தீர வேண்டும். பெரும்பாலான எம்பிஎஃப்ஐ வண்டிகளில் 3 முதல் 4 பார் இருக்க வேண்டும். சரியான அளவு அந்தந்த மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். ஓடும் பம்பிலும் உள்ளிருக்கும் சல்லடை அடைத்திருந்தால் அழுத்தம் ஏறாது. எப்போதும் ரிசர்வில் ஓட்டுகிறவர்களின் வண்டியில் இது சீக்கிரமே வரும், டேங்க் அடியிலுள்ள கசடெல்லாம் சல்லடைக்குப் போவதால்.

ஐந்து பத்து நொடி ஓடி, மெல்லச் சரிந்து நின்றால்

இதுதான் மிகப் பரவலான வகை. ரேஸ் கொடுத்தால் ஓடும், விட்டால் நிற்கும், ஏ.சி. போட்டால் இன்னும் சீக்கிரம் நிற்கும். காரணம் பெரும்பாலும், இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில் படிந்த அழுக்கு.

நீங்கள் ஆக்சிலேட்டரைத் தொடாதபோது த்ராட்டில் தகடு ஏறக்குறைய மூடியிருக்கும். அப்போது இன்ஜின் 700 முதல் 900 ஆர்பிஎம்மில் ஓடத் தேவையான காற்று, தகட்டின் விளிம்பில் உள்ள மயிரிழை இடைவெளி வழியாகவோ, பழைய கேபிள் த்ராட்டில் வண்டிகளில் ஐடில் வால்வு வழியாகவோதான் போகிறது. இன்ஜினுக்குள்ளிருந்து திரும்பி வரும் எண்ணெய் ஆவி அந்த விளிம்பில் கறுப்பு வளையமாகப் படிந்து இடைவெளியை அடைத்துவிடும். இ.சி.யூ. சும்மா இருப்பதில்லை. அழுக்கு ஏற ஏற, தகட்டை இன்னும் கொஞ்சம் திறந்துவைக்கப் பழகிக்கொள்கிறது. அதனால் வருடக்கணக்கில் வெளியே ஒன்றும் தெரியாது.

இங்கேதான் ஒரு வேடிக்கை. பேட்டரி மாற்றிய மறுநாள் வண்டி நிற்கத் தொடங்கியதாகச் சொல்பவர்கள் ஏராளம். புது பேட்டரி மட்டம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார்கள். பேட்டரியைக் கழற்றியபோது இ.சி.யூ. பழகிவைத்திருந்த அளவுகள் அழிந்துவிட்டன. சுத்தமான த்ராட்டிலுக்கான ஆரம்ப அளவுக்குத் திரும்பிவிட்டது. அழுக்கு த்ராட்டிலில் அந்தக் காற்று போதவில்லை. கடைக்காரர் மேல் தவறில்லை.

சுத்தம் செய்வது கடினமில்லை. இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், சாவி வெளியே இருக்க வேண்டும். ஏர் ஃபில்டரிலிருந்து வரும் ரப்பர் குழாயின் கிளாம்ப்பைத் தளர்த்திக் கழற்றினால் த்ராட்டில் தகடு தெரியும். டார்ச் அடித்துப் பாருங்கள். த்ராட்டில் கிளீனரை துணியில் அடித்து விளிம்பையும் உள்சுவரையும் துடையுங்கள். நேராகப் பீய்ச்சினால் பக்கத்திலுள்ள மோட்டாருக்குள் இறங்கும். எலக்ட்ரானிக் த்ராட்டில் தகட்டை விரலால் வலுக்கட்டாயமாகத் திறக்காதீர்கள், சாவி ஆனில் இருக்கும்போது தொடவே வேண்டாம். தகடு திடீரென மூடினால் விரலுக்கு ஆபத்து, உள்ளிருக்கும் பல்சக்கரம் பிளாஸ்டிக். கேபிள் வண்டியில் ஐடில் வால்வை இரண்டு மூன்று ஸ்க்ரூ எடுத்துத் தனியாகக் கழற்றலாம். அதன் கூம்பு முனையை உள்ளே அழுத்தித் தள்ளக் கூடாது.

திரும்ப மாட்டியதும் ஐடிலிங் சற்று ஏறியிருக்கலாம், பயப்பட வேண்டாம். சாவியை ஆனில் அரை நிமிடம் வைத்து, பிறகு ஸ்டார்ட் செய்து, ஏ.சி., லைட் இல்லாமல் ரேடியேட்டர் ஃபேன் ஒருமுறை சுற்றி நிற்கும்வரை ஓடவிட்டால் பல மாடல்கள் தாமாகவே பழகிக்கொள்ளும். சில மாடல்களுக்கு மட்டும், இ.சி.யூ.வோடு பேசும் ஸ்கேனர் கருவியில் ரீசெட் கொடுக்க வேண்டும்.

த்ராட்டில் சுத்தமாகவே இருந்தால் காற்றுக் கசிவைத் தேடுங்கள். இன்டேக் (இன்ஜினுக்குள் காற்று நுழையும் பாதை) பக்கத்து ரப்பர் குழாய்கள் நம் வெயிலில் காய்ந்து வெடிக்கும். இன்ஜின் ஓடும் சில நொடிகளில் ‘ஸ்ஸ்’ சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த குழாயை விட்டுவிடாதீர்கள். அதில் கசிவு இருந்தால் பிரேக் பெடலும் கல்லாக இருக்கும். சிலர் சந்தேகப்படும் இடத்தில் கார்புரேட்டர் கிளீனர் அடித்து ஆர்பிஎம் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் அது தீயை அழைப்பது. கையால் பீய்ச்சும் பாட்டிலில் தண்ணீர் வைத்து மெலிதாகத் தெளித்தாலே கசிவுச் சத்தம் மாறும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. உள்ளே போகும் காற்றை நேராக அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டியில், சென்சாருக்குப் பின்னால் நுழையும் காற்று கணக்கில் வராது, அதற்கேற்ற பெட்ரோலும் வராது, இன்ஜின் நின்றுபோகும். நம் சிறிய கார்கள் பலவற்றில் இருப்பது மேப் சென்சார். அது இன்டேக் அழுத்தத்தை அளப்பதால் கசிந்து வரும் காற்றும் கணக்கில் சேர்ந்துவிடும். அங்கே சின்னக் கசிவினால் ஐடிலிங் ஏறுமே தவிர இன்ஜின் அவ்வளவு எளிதில் நிற்காது. உங்கள் வண்டியில் எந்தச் சென்சார் என்று தெரிந்துகொண்டால் வீண் தேடல் குறையும். மாஸ் ஏர்ஃப்ளோ வண்டி என்றால் அதன் கனெக்டரைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். நிற்காமல் ஓடினால் சென்சார்தான் பொய் சொல்கிறது. அதைச் சுத்தம் செய்ய அதற்கென்றே விற்கும் கிளீனர் வேண்டும். த்ராட்டில் கிளீனரை அதன்மேல் அடித்தால் சென்சார் போய்விடும்.

ஏர் ஃபில்டர் பெட்டியையும் ஒருமுறை திறந்துவிடுங்கள். வாரக்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டியில் எலி உள்ளே கூடு கட்டியிருக்கும். தேங்காய் நாரும் பஞ்சும் நிறைந்த ஃபில்டர் வழியாக எந்தச் சென்சாராலும் காற்று வரவழைக்க முடியாது. அப்படியே இன்ஜெக்டர், பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் ஆகியவற்றின் பக்கத்து வயர்களில் பல் தடம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலையில் மட்டும் நிற்கிறது, அப்புறம் நாள் முழுக்க ஓடுகிறது

குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோல் கூடுதலாக வேண்டும். இன்ஜின் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று இ.சி.யூ.வுக்குச் சொல்வது கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார். சூடாக இருப்பதாக அது பொய் சொன்னால் கலவை மெலிந்து நிற்கும். கடும் குளிர் என்று சொன்னால் பெட்ரோல் வழிந்து பிளக் நனைந்து, கறுப்புப் புகையோடு நிற்கும்.

ஸ்கேனர் இருந்தால் சோதனை ஒரு நிமிட வேலை. இந்தியாவில் 2013 ஏப்ரலிலிருந்து பிஎஸ்4 (மாசுக் கட்டுப்பாட்டுத் தரம்) கார்களில் கோளாறு விவரங்களைப் பதிந்துவைக்கும் ஓபிடி-2 அமைப்பு கட்டாயம்; ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருக்கும். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ப்ளூடூத் அடாப்டரும் போனில் ஒரு ஆப்பும் போதும். இரவு முழுக்க நின்ற வண்டியில் கூலன்ட் வெப்பமும் உள்ளே வரும் காற்றின் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். காற்று 28 டிகிரி, கூலன்ட் 75 என்று காட்டினாலோ, கூலன்ட் மைனஸ் 40 என்று காட்டினாலோ சென்சார் அல்லது அதன் வயர் போய்விட்டது. ஸ்கேனர் இல்லாதவர்களுக்கும் ஒரு குறிப்பு உண்டு: குளிர்ந்த இன்ஜினில் சாவியை ஆன் செய்ததுமே ரேடியேட்டர் ஃபேன் முழு வேகத்தில் சுற்றினால் பல மாடல்களில் இந்தச் சென்சார் கோளாறுதான். மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் கனெக்டரைக் கழற்றி அளக்கலாம். பல கார்களில் 30 டிகிரியில் 1500 முதல் 2000 ஓம் வரை, 80 டிகிரியில் 300 ஓம் பக்கத்தில் வரும்.

பெட்ரோல் வழிந்து நனைந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ய, ஆக்சிலேட்டரை அடிவரை அழுத்திக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். அந்த நிலையில் பெரும்பாலான இ.சி.யூ.க்கள் பெட்ரோலை நிறுத்திவிடும். உள்ளிருப்பது காய்ந்து இன்ஜின் பிடிக்கும். பிடித்ததும் காலை எடுத்துவிடுங்கள்.

சூடானபின் மட்டும் நிற்கிறது

அரை மணி நேரம் ஓடும், சிக்னலில் நிற்கும், மறுபடி ஸ்டார்ட் ஆகாது அல்லது ஆகி ஆகி நிற்கும். டீ குடித்துவிட்டு வந்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். கிராங்க் பொசிஷன் சென்சாரை முதலில் சந்தேகப்படுங்கள். சூட்டில் அதன் உள்வயர் விரிந்து இணைப்பு விடுகிறது, ஆறியதும் சேர்ந்துகொள்கிறது. நீங்கள் எடுத்த வீடியோ இங்கே கைகொடுக்கும்: இன்ஜின் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்போதே ஆர்பிஎம் முள் மட்டும் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தால் சென்சாரிலிருந்து தகவல் வரவில்லை என்று பொருள். ஸ்கேனரில் பி0335 என்ற கோளாறுக் குறியீடு (கோடு) பதிவாகியிருக்கலாம். ஆனால் கோடு இல்லை என்பதால் சென்சாரை விடுவித்துவிட வேண்டாம். பட்டறையில் வண்டி ஆறியிருக்கும்போது சோதித்து ‘எல்லாம் ஓகே’ என்று அனுப்பிவைக்கப்படும் கோளாறு இதுதான். நின்ற இடத்திலேயே, சூடாக இருக்கும்போதே செல்ஃப் அடித்து ஸ்கேனரில் ஆர்பிஎம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். சுற்றும்போதும் பூஜ்யம் காட்டினால் தீர்ப்பு எழுதிவிடலாம்.

ஆர்பிஎம் ஒழுங்காக வந்தும் பிடிக்கவில்லை என்றால் காயில் சூட்டில் செயலிழக்கிறதா, பம்ப் மோட்டார் சூட்டில் சிக்கிக்கொள்கிறதா என்று போக வேண்டும்.

பங்க்கை விட்டு வெளியே வந்ததும் நிற்கிறது

பெட்ரோல் போட்ட பிறகு மட்டும் ஸ்டார்ட் ஆகி நின்றால், எல்லோரும் பெட்ரோலில் கலப்படம் என்பார்கள். ஒவ்வொரு முறையும், எந்த பங்க்கில் போட்டாலும் அப்படி நடக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆம் என்றால் பர்ஜ் வால்வு. டேங்கில் எழும் பெட்ரோல் ஆவி கரி நிரப்பிய ஒரு டப்பாவில் சேர்ந்து, இந்த வால்வு வழியாக இன்ஜினுக்குப் போய் எரிகிறது. வால்வு திறந்தபடியே மாட்டிக்கொண்டால், டேங்க் நிரம்பும்போது ஆவி மொத்தமாக இன்டேக்கில் புகுந்து மூச்சுத் திணறும். வால்வைக் கழற்றி, கனெக்டர் இல்லாமல் வாயால் ஊதுங்கள். காற்று போகக் கூடாது. போனால் மாற்ற வேண்டியதுதான். நாசில் கட் ஆன பிறகும் ‘ரவுண்டா போட்டுடட்டுமா சார்?’ என்று கேட்டுக் கழுத்துவரை நிரப்புவதும் இதற்கு ஒரு காரணம். அந்தக் கூடுதல் பெட்ரோல் கரி டப்பாவுக்குள் இறங்கி அதைக் கெடுக்கிறது.

ஒரே ஒரு முறை, குறிப்பிட்ட பங்க்கில் போட்ட பிறகு தொடங்கியதென்றால் தண்ணீரைச் சந்தேகப்படலாம். இப்போது நாம் போடுவது எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்க் அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வைத்தால் அடியில் தனி அடுக்கு தெரியும். தெரிந்தால் டேங்கை முழுதாக வடித்துவிட வேண்டும். மேலே நல்ல பெட்ரோல் ஊற்றிச் சரிக்கட்ட முயல வேண்டாம். பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

பேட்டரி, எர்த்

ஜம்ப் கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்து, கேபிளை எடுத்ததும் கொஞ்ச நேரத்தில் நின்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை. இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.5 முதல் 14.7 வோல்ட் வரை இருக்க வேண்டும். ஆனால் அளவு குறைந்திருந்தது என்றதும் கண்ணை மூடிக்கொண்டு புது ஆல்டர்னேட்டர் போட வேண்டாம். முதலில் பேட்டரி டெர்மினலைக் கையால் திருகிப் பாருங்கள், அசைந்தால் அதுவே போதுமான காரணம். இன்ஜினுக்கும் பாடிக்கும் போகும் எர்த் வயர் நம் கடலோர ஊர்களில் பச்சை பூத்துப்போகும். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மற்றதை இன்ஜின் உலோகத்திலும் வைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த்தைச் சுத்தம் செய்து இறுக்குங்கள்.

டீசல், சி.என்.ஜி., கார்புரேட்டர்

டீசல் வண்டி ஸ்டார்ட் ஆகி சில நொடியில் நின்றால் முதல் சந்தேகம் பைப்பில் காற்று. ஃபில்டர் மாற்றிய பிறகோ டேங்க் காலியான பிறகோ தொடங்கியிருந்தால் சந்தேகமே வேண்டாம். கையால் அழுத்தும் பிரைமிங் பம்ப் இருந்தால் கெட்டிப்படும்வரை அழுத்துங்கள். இருந்தும் மறுநாள் காலை அதே கதை என்றால் டேங்குக்கும் ஃபில்டருக்கும் நடுவே எங்கோ காற்று உறிஞ்சுகிறது. அந்த இடத்தில் தற்காலிகமாக உள்ளே தெரியும் ஒரு பிளாஸ்டிக் குழாய் போட்டால் குமிழி தெரியும். ஃபில்டர் அடியில் தேங்கும் தண்ணீரையும் வடியுங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும்) வண்டியில் இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்திக் காற்று எடுக்கும் பழைய வித்தை கூடாது. அங்கே அழுத்தம் 1600 பார் வரை போகும், தோலைத் துளைத்து டீசல் உள்ளே ஏறும்.

சி.என்.ஜி. வண்டிகளில் பல, பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, சூடானதும் கேஸுக்கு மாறும். மாறும் நொடியில் நின்றால் கோளாறு கேஸ் பக்கம்: ஃபில்டர், கேஸ் அழுத்தத்தைக் குறைக்கும் ரெட்யூசர், சிலிண்டர் வால்வு. ஸ்விட்சைப் பெட்ரோலில் பூட்டி ஓட்டிப் பார்த்தால் உறுதியாகும். கேஸ் பக்கத்தை அங்கீகாரம் பெற்ற இடத்தில் மட்டும் கொடுங்கள். நேர்மாறாகவும் நடக்கும், எப்போதும் கேஸிலேயே ஓட்டுவதால் டேங்கில் பெட்ரோல் மாதக்கணக்கில் பழசாகி, ஸ்டார்ட் ஆகும்போதே நிற்கும்.

கார்புரேட்டர் வண்டி, சோக் இழுத்தால் ஓடி, உள்ளே தள்ளினால் நிற்கிறதென்றால் ஐடில் ஜெட் அடைத்திருக்கிறது. கழற்றி ஊதினால் போதும்.

மெக்கானிக்கிடம் எப்படிச் சொல்வது

‘வண்டி ஸ்டார்ட் ஆகி ஆஃப் ஆகுதுண்ணே’ என்று மட்டும் சொன்னால் அவர் பிளக்கிலிருந்துதான் தொடங்குவார். ‘அண்ணே, காலையில மட்டும்தான். பத்து செகண்ட் ஓடி மெதுவா விழுது, ரேஸ் கொடுத்தா நிக்குறதில்ல. ஏ.சி. போட்டா உடனே ஆஃப். த்ராட்டில் கிளீன் பண்ணிட்டேன், பம்ப் சத்தம் வருது, இந்தாங்க வீடியோ’ என்று சொல்லிப் பாருங்கள். பேச்சு நேராக விஷயத்துக்கு வந்துவிடும்.

‘இன்ஜெக்டர் கிளீனிங் பண்ணிடலாம்’ என்று தொடங்கினால், எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறார் என்று கேளுங்கள். பிரஷர் பார்த்தாரா, ஸ்கேனரில் ஃப்யூயல் ட்ரிம் (இ.சி.யூ. பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) எவ்வளவு காட்டியது என்று கேட்பதில் தப்பே இல்லை. ட்ரிம் பிளஸ் பத்தைத் தாண்டியிருந்தால் கலவை மெலிந்திருக்கிறது: காற்று அதிகமாக நுழைகிறது அல்லது பெட்ரோல் குறைகிறது. மைனஸ் பத்துக்குக் கீழே போயிருந்தால் பர்ஜ் வால்வு, ஒழுகும் இன்ஜெக்டர், டெம்பரேச்சர் சென்சார் என்று போக வேண்டும். கோளாறுக் குறியீட்டை அழிப்பதற்கு முன் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். குறியீடும் அது பதிவான நேரத்து அளவுகளும் ஒருமுறை அழித்தால் திரும்பக் கிடைக்காது.

மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வண்டியை எடுக்கும்போது பட்டறையில் சூடான இன்ஜினோடு ஓட்டிக்காட்டுவதை நம்பிப் பணத்தை முழுதாகக் கொடுத்துவிடாமல், காலையில் நிற்கும் வண்டியென்றால் ஒரு இரவு அங்கேயே விட்டு, மறுநாள் காலை நீங்களே போய் முதல் ஸ்டார்ட் அடித்துப் பார்த்து எடுத்து வாருங்கள்.